எஞ்சின் சத்தம் எங்கிருந்து வருகிறது? பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

45,000 கிலோமீட்டர் ஓடிய 100 சிசி பைக்கில் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. நாலைந்து நிமிடம் ஓடிய பிறகு அது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. டேப்பெட்டை (வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் திருகு) இரண்டு முறை இறுக்கிப் பார்த்தும் போகவில்லை. இனி எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் சொல்லியிருக்கும் அறிகுறிகளுக்குப் பொருந்தக்கூடிய காரணங்களில் சிலவற்றை எஞ்சினைத் தொடாமலேயே கண்டுபிடித்துவிடலாம். அதைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டியது, இரண்டு முறை இறுக்கப்பட்ட அந்த டேப்பெட்டைத்தான். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

எஞ்சின் சத்தத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் 'எப்படிப்பட்ட சத்தம்' என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். ஒருவருக்கு 'டிக் டிக்' என்று கேட்பது இன்னொருவருக்கு 'கட கட' என்று கேட்கும் என்பதால், சத்தத்தின் நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்வது நம்பகமான வழியன்று. சத்தம் எப்போது வருகிறது, எந்த வேகத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது, சூடேறினால் என்ன ஆகிறது, பாரம் ஏறினால் என்ன ஆகிறது, கிளட்ச்சைப் பிடித்தால் என்ன ஆகிறது ஆகிய ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதிவைத்துவிட்டால், ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே சந்தேகப் பட்டியல் இரண்டு அல்லது மூன்று பாகங்களாகச் சுருங்கிவிடும்.

அதற்கும் முன்னால், சத்தம் எஞ்சினுக்குள்ளிருந்துதான் வருகிறதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். எஞ்சினை ஃபிரேமோடு பிணைக்கும் போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்திருந்தாலும், சைலன்சரின் மேல் இருக்கும் வெப்பத் தகடு ஆடினாலும், செயின் கவர் செயினோடு உரசினாலும், ஏர்கூல்டு எஞ்சினின் குளிரூட்டும் தகடுகளுக்கு இடையில் அதிர்வைத் தடுப்பதற்காகச் செருகப்பட்ட ரப்பர் துண்டுகள் விழுந்துபோயிருந்தாலும், எழுகிற ஓசை எஞ்சினின் வயிற்றிலிருந்து வருவது போலவே கேட்கும். எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு, தோல் கையுறை அணிந்த கையால் ஒவ்வொரு பாகத்தையும் சற்றே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது சத்தம் மாறினால் அங்கேயே நின்றுவிடலாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் செயின், ஸ்ப்ராக்கெட், வீல் பேரிங், பிரேக் ஆகியவற்றின் ஓசைகள் தனியாகப் பிரிந்துவிடும். வண்டி ஓடும்போது மட்டும் வந்து, நிற்கும்போது எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் வராத சத்தத்தை முதலில் இந்தப் பக்கத்தில்தான் தேட வேண்டும்.

ஆயில் அடுத்தது. இத்தகைய எஞ்சின்களில் இருக்கும் மொத்த ஆயிலே ஏறத்தாழ 1 லிட்டர்தான் என்பதால், அதில் 300 மில்லி குறைந்துபோவது சிறிய குறைவன்று. வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, ஆயில் கம்பியைத் துடைத்துவிட்டுச் செருகி அளவைப் பாருங்கள். பல மாடல்களில் கம்பியைத் திருகாமல் வெறுமனே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதைக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆயிலின் தரமும் முக்கியம். கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே சுழலும் எஞ்சின்களுக்கு ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 குறியுள்ள ஆயில்தான் பொருந்தும். சத்தம் வரும் எஞ்சினில் அதைவிடத் தடித்த ஆயிலை ஊற்றி அமைதிப்படுத்தும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 10டபிள்யூ-30 ஊற்ற வேண்டிய எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் ஓசை ஓரளவு குறையத்தான் செய்யும்; ஆனால் தேய்மானம் அப்படியே இருக்கும், குளிர்ந்த காலை வேளையில் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் உச்சிக்கு ஆயில் போய்ச் சேரவும் தாமதமாகும். தேடிக்கொண்டிருக்கும் தடயத்தையே அழித்துவிடும் அந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இனி சத்தத்தின் தாளத்துக்கு வருவோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டனின் ஓட்டத்தால் சுழலும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்ட் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றுகிறது. 1,400 ஆர்பிஎம்மில் ஸ்லோவில் ஓடும் எஞ்சினில் கிராங்க் நொடிக்கு ஏறத்தாழ 23 முறையும், கேம் ஏறத்தாழ 12 முறையும் சுற்றும். வால்வு, அதை அழுத்தித் திறக்கும் ராக்கர், டேப்பெட் சார்ந்த தட்டல்கள் கேமின் வேகத்தில் வரும். மின்சாரம் தரும் மேக்னட், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங், கிளட்ச்சைச் சுழற்றும் பிரைமரி கியர் சார்ந்தவை கிராங்கின் வேகத்தில் வரும். இதைக் காதால் எண்ண முடியாது. ஆனால் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் ஒரு தாளக்கட்டை ஏற்கெனவே இருக்கிறது: சைலன்சரின் 'தப் தப்' ஓசை கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வருகிறது. ஸ்லோவை எஞ்சின் அணையாத அளவுக்குக் குறைத்து, கைப்பேசியில் பதிவுசெய்து, கால் பங்கு வேகத்தில் கேட்டுப் பாருங்கள். சைலன்சரின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டல் என்றால் அது கேமின் வேகம். இரண்டு தட்டல் என்றால் கிராங்கின் வேகம். ஸ்ட்ரோப் டைமிங் லைட் வைத்திருக்கும் பட்டறையில் இதை இன்னும் துல்லியமாகச் செய்யலாம். பெரும்பாலான சிறு பைக்குகளில் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை ஸ்பார்க் விழுவதால், லைட்டின் ஒவ்வொரு மின்னலுக்கும் தட்டினால் கிராங்க், ஒன்றுவிட்டு ஒரு மின்னலுக்குத் தட்டினால் கேம் என்று பிரித்துவிடலாம்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் ஓசையும், ஹெட்டிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் பெண்ட் பைப்பின் இணைப்பில் புகை கசியும் ஓசையும், சிலிண்டருக்குள் எரிதல் நிகழும் ஸ்ட்ரோக்கை ஒட்டியே வலுவாக எழுவதால் அவையும் கேமின் வேகத்தில்தான் கேட்கும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு தேய்ந்தால் வரும் அடி, பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் வரக்கூடும் என்றாலும், எரிதலின்போது எழும் அடியே வலுவாகக் கேட்கும். ஆகவே தாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதாமல், சூட்டோடும் பாரத்தோடும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சூடு சொல்லும் சேதி மிகவும் பயனுள்ளது, உங்கள் கேள்விக்கான திறவுகோலும் அதில்தான் இருக்கிறது. குளிரில் கேட்டுச் சூட்டில் அடங்கும் சத்தம் என்பது, உலோகம் விரியும்போது மூடிக்கொள்ளும் ஏதோ ஓர் இடைவெளியைக் குறிக்கிறது. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அது ஓடும் சிலிண்டர் லைனர் வார்ப்பிரும்பு. அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) கொண்ட எஞ்சினில் 100 டிகிரி சூடேறினால் பிஸ்டன் சுமார் 0.1 மி.மீ. விரியும், இரும்போ அதில் பாதியளவுதான் விரியும். புதிய எஞ்சினில் இவ்விரண்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளி பொதுவாக 0.01 முதல் 0.04 மி.மீ. வரைதான் என்பதோடு ஒப்பிட்டால், இந்த விரிவு எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். தேய்ந்து அகன்ற போரில் குளிர்ந்த பிஸ்டன் இருபுறமும் சாய்ந்து மோதுவதும், சூடேறியபின் அந்த மோதல் தணிவதும் இதனால்தான். இதைத்தான் பட்டறைகளில் 'பிஸ்டன் அடிக்குது' என்று சொல்கிறார்கள். ஆயில் குறையாமலும், சைலன்சரில் நீலப் புகை வராமலும், இழுவை குறையாமலும் இருக்கும்வரை, குளிரில் மட்டும் கேட்கும் இலேசான பிஸ்டன் ஓசை அவசர நோயன்று. குளிர்ந்த எஞ்சினை முதல் சில நிமிடங்கள் விரட்டாமல் ஓட்டினால் அந்த நிலையிலேயே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

இதே குணத்தோடு, இதைவிட மிகவும் மலிவான இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹெட்டோடு பெண்ட் பைப் சேரும் இடத்தில் உள்ள உலோக கேஸ்கெட் வளையம் தட்டையாகிப்போனால் அல்லது அங்குள்ள நட்டுகள் தளர்ந்தால், அழுத்தமான புகை ஒவ்வோர் அடிக்கும் சிறு இடுக்கின் வழியே பீறிட்டு, டேப்பெட் சத்தத்தை அப்படியே ஒத்த 'டிக் டிக்' ஓசையை எழுப்பும். பைப் சூடேறி விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்வதால் சத்தமும் மறைந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது அந்த இணைப்பின் அருகே கையை வைத்தால் காற்று அடிப்பது தெரியும். இணைப்பைச் சுற்றிக் கரிப்புகை படிந்திருப்பதும் தெரியும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், கையுறை அணிந்து, தடித்த ஈரத்துணியால் சைலன்சரின் வாயை ஒரு கணம் பாதி மறைத்துப் பாருங்கள். உள்ளழுத்தம் ஏறுவதால் கசிவின் ஓசை தெளிவாக உயரும். திறந்தவெளியில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பது கார்பன் மோனாக்சைடால் உயிருக்கே ஆபத்தாகும். ஸ்பார்க் பிளக் சரியாக இறுகாமல் இருந்தாலும் ஏறக்குறைய இதே போன்ற கசிவோசை வரும்; பிளக்கின் அடியைச் சுற்றி ஆயிலும் கரியும் கலந்த கறை அதைக் காட்டிக்கொடுக்கும். டேப்பெட்டை இரண்டு முறை திருகியும் மாறாத சத்தம் என்று நீங்கள் சொல்வதால், என் முதல் சந்தேகம் இந்த இணைப்பின் மீதுதான்.

இப்போது டேப்பெட். இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் சத்தத்தைப் போக்கும் முயற்சியில் நல்ல எஞ்சின்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். ராக்கர் ஆர்முக்கும் வால்வின் தண்டுக்கும் இடையே சிறிய இடைவெளி ஒன்று வேண்டுமென்றே விடப்படுகிறது. சிறிய எஞ்சின்களில் அது பெரும்பாலும் 0.05 முதல் 0.15 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் மாடலுக்குரிய சரியான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அந்த இடைவெளி இருப்பதால் கொஞ்சம் 'டிக் டிக்' கேட்பது இயல்பு. இடைவெளி அதிகமானால் சத்தம் கூடும், வால்வு சற்றுத் தாமதமாகத் திறந்து முன்னதாக மூடும், இழுவை கொஞ்சம் குறையும். பெரிய சேதம் உடனே நேராது. இடைவெளி இல்லாமல் போனால் நடப்பது வேறு. எக்ஸாஸ்ட் வால்வின் தலை ஓட்டத்தின்போது 700 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகிறது. அந்தச் சூட்டின் பெரும்பகுதி, வால்வு மூடியிருக்கும் நேரத்தில் அதன் சீட்டின் வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. டேப்பெட்டை இறுக்கமாக வைத்துவிட்டால் வால்வு சீட்டில் முழுமையாக உட்காராது. சூடு இறங்க வழியில்லாமல், விளிம்பில் கசியும் நெருப்பும் சேர்ந்து வால்வைக் கருக்கிவிடும். அப்போது கம்ப்ரெஷன் போய், ஸ்டார்ட் ஆவதே சிரமமாகும். ஓட ஓட வால்வு சீட்டில் ஆழமாக அமர்வதாலும் இந்த இடைவெளி தானாகவே குறைவது உண்டு. அதனால், முன்பு டிக்கிட்டுக்கொண்டிருந்த எஞ்சின் யாரும் தொடாமலேயே மெல்ல அமைதியாகிவந்தால் அது மகிழ வேண்டிய செய்தியன்று, அளந்து பார்க்க வேண்டிய செய்தி.

எனவே உங்கள் வண்டியில் முதலில் செய்ய வேண்டியது, காதை நம்பாமல் ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் தொகுப்பு) இடைவெளியை அளப்பது. எஞ்சின் இரவெல்லாம் நின்று முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். மேக்னட் கவரில் உள்ள மூடிகளைத் திறந்து, மேக்னட்டின் சுழலும் பகுதியான ரோட்டரில் உள்ள 'டி' குறியைக் கவரின் வெட்டோடு பொருத்த வேண்டும். அப்போது பிஸ்டன் உச்சியில் இருக்கும்; ஆனால் அது கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியா, எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியா என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பார்த்து, இரண்டும் சற்றே ஆடினால் சரியான இடம். இறுகியிருந்தால் கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி மீண்டும் குறியைப் பொருத்த வேண்டும். டேப்பெட் ஏற்கெனவே மிகையாக இறுக்கப்பட்டிருந்தால் எந்த இடத்திலும் ராக்கர் ஆடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, துளையை விரலால் மூடிக்கொண்டு கிராங்கைச் சுற்றினால், விரலைத் தள்ளும் காற்று கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கைக் காட்டிவிடும். ஃபீலரின் தகடு இலேசான பிடிப்போடு உள்ளே போய்வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பிவிடுவது சகஜம் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடியும் அளப்பது கட்டாயம். அளவு சரியாக இருந்தும் தட்டல் கேட்டால், ராக்கரின் முனையோ டேப்பெட் ஸ்க்ரூவின் முனையோ குழிந்து தேய்ந்திருக்கலாம். தட்டையான ஃபீலர் அந்தக் குழியின் மேலேயே பாலமாக நின்றுவிடுவதால் உண்மையான இடைவெளியைக் காட்டாது. மூடியைத் திறந்திருக்கும் அந்த நேரத்திலேயே ராக்கரும் கேமும் ஆயிலால் நனைந்திருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா எஞ்சின்களுக்கும் இந்த முறை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட்டில், ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது என்பதே குளிர்ந்த நிலையின் அளவு. அதற்குப் பின் வந்த, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடலில் அமைந்த யுசிஇ எஞ்சின் புல்லட்டுகளில் ஹைட்ராலிக் டேப்பெட் இருப்பதால் சரிசெய்யும் வேலையே இல்லை. பல நாள் நின்ற வண்டியை எடுக்கும்போது அவற்றுக்குள் ஆயில் நிரம்பும்வரை சில நொடிகள் கடகடப்பது இயல்பு.

அடுத்த சந்தேகம், கிராங்கிலிருந்து கேமைச் சுழற்றும் டைமிங் செயின். இதன் ஓசை தனித்தனித் தட்டலாக இல்லாமல், செயின் தன் பாதையின் சுவரில் உரசுகிற 'சர சர' அல்லது 'கர கர' என்ற தொடர் ஓசையாக, சிலிண்டரின் ஒரு பக்கத்தில் மட்டும் கேட்கும். பெரும்பாலான 100 சிசி எஞ்சின்களில் அது மேக்னட் இருக்கும் இடப்பக்கம். ஆக்சிலரேட்டரைத் திறந்து சட்டென்று மூடும்போது, வேகம் இறங்கும் நேரத்தில் செயின் துவள்வதால் அந்த ஓசை தெளிவாகும். நீண்டுபோன செயின், வலுவிழந்த டென்ஷனர் (செயினை இறுக்கமாக வைத்திருப்பது), கடினமாகித் தேய்ந்த ரப்பர் கைடு ஆகிய மூன்றில் எது காரணம் என்பது பிரித்தால்தான் தெரியும் என்றாலும், டென்ஷனரை மட்டும் வெளியிலிருந்தே கழற்றிப் பார்க்கக்கூடிய மாடல்கள் பல உண்டு. அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதை மாற்றுவதோடு வேலை முடியும். அது கடைசிப் பல் வரை நீண்டு நின்றிருந்தால், புதிய டென்ஷனர் போட்டும் பயனில்லை, செயினையே மாற்ற வேண்டும் என்று பொருள். இந்தச் சத்தத்தைப் புறக்கணிக்கக் கூடாது. செயின் பல் தாண்டிவிட்டால் வால்வின் நேரம் மாறிப்போகும், சில எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும்.

கிளட்ச்சைப் பிடித்துப் பார்க்கும் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். நியூட்ரலில் எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு லீவரைப் பிடியுங்கள். பிடித்தவுடன் சத்தம் நின்றால் அது கிளட்ச் ஹவுசிங்கின் ஆட்டம் அல்லது கியர்பாக்ஸின் உள்வரும் ஷாஃப்ட்டின் பேரிங்; பிடித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச்சை விலக்கும் பேரிங். மாற்றமே இல்லையென்றால் கிளட்ச்சையும் கியர்பாக்ஸையும் பெரும்பாலும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்கும் ஊளை அந்தக் கியர் ஜோடியைச் சேர்ந்தது. செல்ஃப் ஸ்டார்ட் வண்டிகளில் ஸ்டார்ட் ஆகும் கணத்திலும் அணையும் கணத்திலும் மட்டும் 'கடக்' என்று கேட்டால், மேக்னட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒருவழிக் கிளட்ச்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாரத்தோடு ஏறும் சத்தங்களில் இரண்டை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது. மேட்டில் உயர் கியரில் வேகம் குறைந்த நிலையில் முறுக்கும்போது, கண்ணாடிக் குப்பியில் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற ஓசை வந்து, கியரைக் குறைத்தவுடன் நின்றுவிட்டால் அது எரிபொருள் ஒழுங்கின்றி வெடிப்பதால் வரும் நாக்கிங். ஹெட்டில் படிந்த கரி, காற்று மிகுந்த கலவை, மிகைச் சூடு, பொருந்தாத பிளக் ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் காரணமாக இருக்கும். இதற்கு மாறாக, எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' என்று கனத்த அடியாக எழுந்து, எஞ்சின் சூடாகி ஆயில் இளகியபின் கூடுகிற, பாரம் ஏறும்போதும் ஆக்சிலரேட்டரைத் திறந்து மூடும் தருணத்திலும் வலுக்கிற சத்தம் கனெக்டிங் ராடின் பெரிய முனையைச் சுட்டும். கிராங்கின் மெயின் பேரிங் போனால் தட்டலைவிட ஓர் உறுமல் மேலோங்கும். மேக்னட் கவரைக் கழற்றி ரோட்டரை மேலும் கீழும் அசைத்தால் அந்த ஆட்டம் கைக்கே தெரியும். உங்கள் சத்தம் சூட்டில் குறைகிறது என்பதாலேயே ராடின் பெரிய முனையும் மெயின் பேரிங்கும் உங்கள் பட்டியலில் அடிக்குப் போய்விடுகின்றன. இதுவே நான் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்வதற்கு முக்கியமான காரணம்.

இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீண்ட ஸ்க்ரூடிரைவரே போதும். அதன் முனையைப் போல்ட்டின் தலை மீது அழுத்தி, கைப்பிடியைக் காதுக்குள் நுழைக்காமல் காதுக்கு முன்னாலுள்ள எலும்பின் மீது வைத்துக் கேட்க வேண்டும். ஹெட்டின் இரண்டு டேப்பெட் மூடிகள், டைமிங் செயின் ஓடும் பக்கச் சுவர், சிலிண்டரின் நடுப்பகுதி, சிலிண்டர் கிராங்க்கேஸோடு சேரும் இடம், கிளட்ச் கவர், மேக்னட் கவர் என்று ஒரே வரிசையில் ஒவ்வொரு முறையும் கேட்டு வாருங்கள். உலோகம் ஓசையை எஞ்சின் முழுவதும் கடத்திவிடும் என்பதால் எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று கேட்கத்தான் செய்யும். எங்கே கேட்கிறது என்பதைவிட எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறது என்பதே முக்கியம். அதே மாடலில் நல்ல நிலையில் உள்ள இன்னொரு வண்டியை அருகில் நிறுத்தி, அதே இடங்களில் கேட்டு ஒப்பிட்டால் இயல்பான ஓசை எது என்பது காதுக்குப் பழகிவிடும். இந்த ஒப்பீட்டுக்கு ஈடான சோதனை வேறில்லை என்பது என் எண்ணம். வேட்டி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் சுழலும் பாகங்களுக்கு அருகில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிக்காமல் உள்ளே பார்க்கக் கடைசியாக ஒரு வழி உண்டு. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது, சூடான ஆயிலை வெள்ளைத் தட்டில் இறக்கி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மாவு போன்ற மெல்லிய சாம்பல் நிறப் படிவு வழக்கமான தேய்மானம். நகக்கண்ணில் எடுக்கக்கூடிய அளவுக்குத் துகள்கள் இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள்: ஒட்டினால் இரும்பு, அதாவது பேரிங், கியர் அல்லது செயின், ஒட்டாமல் வெள்ளியாக மின்னினால் அலுமினியம், அதாவது பிஸ்டன் அல்லது எஞ்சின் உடல், பொன்னிறமாக மின்னினால் பித்தளை அல்லது வெண்கலப் புஷ். ஆயில் வடிகட்டியையும் அந்த நேரத்திலேயே திறந்து பார்க்க வேண்டும். மையவிலக்கு வடிகட்டி உள்ள எஞ்சின்களில் சேதத்தின் சாட்சி முழுவதும் அதன் சுவரில்தான் ஒட்டியிருக்கும். இரும்புத் துகள்கள் தெளிவாகக் கண்ணில் பட்டாலோ, சூட்டில் கூடும் அடிவயிற்று அடி கேட்டாலோ, வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல் ஏற்றிச் செல்வதுதான் பாதுகாப்பு. ஓட்டத்தில் ராடு உடைந்தால் கிராங்க்கேஸும் சேர்ந்து போகும், பின்சக்கரம் திடீரென்று இறுகிப் பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

உங்கள் வண்டிக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இதுதான். முதலில் ஃபீலர் கேஜால் டேப்பெட்டை அளந்து, இறுக்கமாக இருந்தால் கையேட்டின் அளவுக்குத் தளர்த்துங்கள், அதனால் சத்தம் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. பிறகு பெண்ட் பைப்பின் கேஸ்கெட்டை மாற்றி நட்டுகளை இறுக்குங்கள். விலை மிகக் குறைவு, அரை மணி நேர வேலை. மறுநாள் காலை சத்தம் இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் கேட்டு, செயின் பக்கம் கூர்மையாக இருந்தால் டென்ஷனரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டரின் நடுவில் கூர்மையாக இருந்து, ஆயிலும் குறைந்துவந்தால் மட்டுமே பிரிக்கும் பேச்சுக்கு வாருங்கள். அப்போதும் ஹாஃப் எஞ்சின் வேலை, அதாவது ஹெட்டையும் சிலிண்டரையும் இறக்குவது வரைக்கும் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். சிலிண்டரை இறக்கியதும் கனெக்டிங் ராடைக் கையால் பிடித்து நேர்மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவு இருக்க வேண்டியதுதான், ஆனால் மேல்கீழாக எந்த ஆட்டமும் கைக்குப் படக்கூடாது. அது சரியாக இருந்தால் கிராங்கைத் தொட வேண்டிய வேலையே இல்லை. சிலிண்டரையும் பிஸ்டனையும் லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று போர் கேஜாலும் மைக்ரோமீட்டராலும் அளக்கச் சொல்லி, எண்களை எழுதி வாங்குங்கள். இத்தகைய எஞ்சின்களில் பல கையேடுகள் தரும் தேய்மான எல்லை 0.10 மி.மீ. அளவில் இருக்கும். உங்கள் கையேட்டின் எல்லையைத் தாண்டியிருந்தால் 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போரிங் போடலாம். தாண்டாவிட்டால் போரிங் வேண்டாம், ரிங்குகளின் வாய் இடைவெளியை மட்டும் அளந்து, தேவைப்பட்டால் அவற்றை மாற்றி மூடிவிடச் சொல்லுங்கள்.